மதுரைப் படமும் காலி நாற்காலியும்

தமிழ்த் திரைப்படத்தில் ‘மதுரைப் படம்’ என்பது தனி வகைமையாகவே நிலைபெற்றுவிட்டது. அரிவாள், பங்காளிப் பகை, திருவிழா, வட்டார வழக்கு ஆகியவை அதன் அடையாளங்கள். இப்படங்களில் வன்முறை அந்த மண்ணின் இயல்பாகக் காட்டப்படுகிறது. யார் மீது, எதற்காக என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. மதுரை வட்டாரத்தின் அண்மை வரலாற்றில் அக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

வரலாற்றுப் பின்புலம்

1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலூர் அருகேயுள்ள மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரைச் சேர்ந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலி நிரப்பப்படாமலே இருந்தது. வேட்புமனு இல்லாமல் போகும், அல்லது வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006 அக்டோபரில்தான் அங்கு தேர்தல் முறையாக நடந்தது. உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை மறித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி, போராட்டங்களுக்குப் பின் 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது.

திரையில் இல்லாதவர்கள்

சுவர் இடிக்கப்பட்ட இரண்டு மாதங்களில் ‘சுப்ரமணியபுரம்’ வெளிவந்தது. 1980-இன் மதுரையைத் தெரு, உடை, பாட்டு என நுணுக்கமாக மீட்டெடுத்த நல்ல படம் அது. ஆனால் அங்கே கொலைக்குக் காரணம் நட்பும் துரோகமும் பதவி ஆசையும் மட்டுமே. சாதி வாய் திறப்பதில்லை. ‘விருமாண்டி’ (2004) மரண தண்டனைக்கு எதிராக வலுவாகப் பேசியது. ஆனால் அதன் மோதலும் நிலமுள்ளவர்களுக்கிடையிலானது. இவற்றில் ஒடுக்கப்பட்டவர் பலியாகக்கூட இடம்பெறுவதில்லை.

‘காதல்’ (2004) ஒரு விதிவிலக்கு. சாதியை மீறிய காதலைக் குடும்பம் எப்படி நசுக்குகிறது என்பதை அது தயங்காமல் காட்டியது. எனினும் இறுதியில் மனம் பிறழ்ந்த முருகனை அரவணைப்பவர் அந்தப் பெண்ணின் கணவர். பார்வையாளரின் கண்ணீர் அவருடைய பெருந்தன்மைக்குப் போய்ச் சேர்கிறது. நசுக்கியவர்களிடம் கணக்குக் கேட்கப்படுவதில்லை.

ஆவணப்படங்கள்

மதுரையிலிருந்தே இதற்கு மறுமொழி வந்தது. ஆர்.பி. அமுதனின் ‘பீ’ (2003) மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையை முகம் திருப்பாமல் பார்த்தது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) அதையே தமிழகம் முழுவதற்கும் விரித்தது. 1993-லும் 2013-லும் சட்டம் தடை செய்த வேலை தொடர்வதற்கு இப்படங்கள் சாட்சி. ஆனால் ஒரு குறை மிஞ்சுகிறது. புனைவுப்படம் தலித்தை மறைத்தது. ஆவணப்படம் அவரை இழிவு சுமத்தப்பட்ட நிலையில் காட்டியது. அதிகாரத்தைக் கோரி எழுந்த மேலவளவு முருகேசனைப் போன்ற மனிதர் இரண்டிலும் இல்லை.

இசக்கியின் கை

‘தேவர் மகன்’ (1992) படத்தில் கோயில் பூட்டைத் திறந்ததற்காக இசக்கி தன் கையை இழக்கிறான். கதை அவனைக் கடந்து பெரிய வீட்டுப் பங்காளிச் சண்டைக்குள் போய்விடுகிறது. இசக்கியாக நடித்தவர் மதுரைக்காரரான வடிவேலு. 31 ஆண்டுகளுக்குப் பின் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) அதே நடிகரை நடுவில் நிறுத்தியது. சட்டமன்ற உறுப்பினரான பின்னும் ஆதிக்கச் சாதித் தலைவர் முன் உட்கார முடியாத மனிதர் மாமன்னன். கதை நடப்பது சேலம் பக்கம் என்றாலும், பாப்பாபட்டியின் காலி நாற்காலிதான் அங்கே திரைக்கு வந்திருக்கிறது. படத்தின் பிற்பகுதி வழக்கமான தேர்தல் மோதலாகத் தளர்ந்தாலும், அந்த நாற்காலிக் காட்சியின் கனம் குறையவில்லை.

யார் சொல்வது

மேலவளவு ஊராட்சி ஒதுக்கப்பட்ட அதே 1996-இல், பத்திரிகையாளர் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி ஒருவரைக்கூடக் காணாமல் அதைக் கட்டுரையாக்கினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியா, நியூஸ்லாண்டரி ஆய்வு இந்திய ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கிட்டபோது, 106 பொறுப்புகளில் உயர்சாதியினர் இருந்தனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் மட்டுமல்ல, ஆசிரியர் அறையிலும் நாற்காலி மறுக்கப்பட்டிருக்கிறது. மதுரையின் அரிவாளை அழகாகப் படம்பிடிக்கத் தெரிந்த திரைப்படம், அது யார் கழுத்தில் இறங்கியது என்பதைச் சொல்லத் தவறியதற்கு இதுவும் ஒரு காரணம்.