பரிபாடலின் வானமும் மீன்களின் இருப்பிடமும்

பழந்தமிழ்ப் பாட்டுக்களுள் வானத்தைப் பாடியன பலவாம். நிலவின் தண்மையையும் மீன்களின் ஒளியையும் உவமையாக எடுத்தாள்வனவே அவற்றுட் பெரும்பாலன. இன்ன கோள் இன்ன இடத்தில் நின்றது என்று வரையறுத்துரைக்கும் பாட்டு மிக அரிது. அவ்வரியவற்றுள் தலையாயது பரிபாடலின் பதினோராம் பாட்டு. நல்லந்துவனார் பாடிய இது வையையின் புதுப்புனலைச் சிறப்பிக்க எழுந்தது; ஆயினும் ஆற்றைக் கூறுமுன் வானத்தைக் கூறுகின்றது. 1918ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பரிமேலழகர் உரையோடு இந்நூலைப் பதிப்பித்த நாள்தொட்டு, அறிஞர் பலர் இப்பகுதியை ஆராய்ந்துள்ளனர். அவர்களுட் சிலர் இதனைக் காலக்கணக்கின் சான்றாகக் கொண்டனர். வேறு சிலர் வெறும் அலங்காரமெனத் தள்ளினர். இவ்விரு முடிபுகளும் பாட்டுக்கு நீதி செய்தனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் பாட்டுக் கூறும் செய்திகளைத் தொகுத்துக் காண்போம். இருபத்தேழு நாண்மீன்களும் ஒன்பது ஒன்பதாக மூன்று வீதிகளில் வகுக்கப்படுகின்றன. வெள்ளி இடபத்திலும், செவ்வாய் மேடத்திலும், புதன் மிதுனத்திலும் நிற்கின்றன. வியாழன் சனியின் இரு மனைகளுக்கும் அப்பாலாகிய மீனத்தில் உள்ளது. சனி மகரத்தைச் சேர்ந்துள்ளது. விடியற்பொழுதில் கார்த்திகை உயர்ந்து நிற்கின்றது. திங்களைப் பாம்பு மறைக்கின்றது. பொதியில் முனிவனாகிய அகத்தியமீன் மிதுனத்தை அடைகின்றது. இத்தகைய நாளில் மழை பொழிந்து வையை பெருகிற்று என்பது பாட்டின் போக்கு.

இச்செய்திகளை மதிப்பிடப் புகுவோர்க்கு, வானத்தில் ஒரு மீனின் இடத்தைக் குறிக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும். மண்ணில் ஓர் ஊரின் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு என்னும் இரண்டு அளவுகளாற் குறிக்கின்றோம். மட்டக்களப்பு நகர் வட அகலாங்கு 7 பாகை 43 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 81 பாகை 42 கலையளவிலும் உள்ளது. வானத்திற்கும் அவ்வாறே இரண்டு அளவுகள் உள. பூமியின் மத்தியகோட்டை விண்ணளவும் விரித்தால் வான மத்தியகோடு கிடைக்கும். அக்கோட்டிலிருந்து ஒரு மீன் வடக்கிலோ தெற்கிலோ விலகி நிற்கும் அளவு நடுவரை விலக்கம் எனப்படும். மேடத்தின் தொடக்கமென வானநூலார் கொண்ட புள்ளியிலிருந்து கிழக்கு நோக்கி எண்ணும் அளவு வலவேற்றம். இது மணிக்கணக்கிற் சொல்லப்படும். அடிவானத்திலிருந்து அளக்கும் உயரமும் திசையும் ஊருக்கு ஊர், நாழிகைக்கு நாழிகை மாறுவன. நடுவரை விலக்கமும் வலவேற்றமுமோ எவ்வூரார்க்கும் பொதுவானவை. பல்லாண்டுகளில் மட்டுமே சிறிது சிறிதாக மாறுவன.

இம்முறையின் பயனை நம் வாவிக்கரையில் நின்றே அறியலாம். துருவமீன் வடதிசையில் நம் அகலாங்குக்கு ஏறக்குறைய ஒத்த உயரத்தில், அதாவது அடிவானத்திற்குச் சற்று மேலே எட்டுப் பாகையளவில் நிற்கும். நடுவரை விலக்கம் நம் அகலாங்குக்குச் சமமாகவுள்ள மீன் நம் தலைக்கு நேர் மேலே செல்லும். அத்தகைய மீன் திருவாதிரை. அதன் நடுவரை விலக்கம் வடக்கே 7 பாகை 24 கலை. எனவே நமது உச்சிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி முழுமதியின் அகலத்தினும் குறைவு. அதன் வலவேற்றம் 5 மணி 55 நிமிடமாதலின், மார்கழித் திங்களில் நள்ளிரவையடுத்து உச்சியை அடைகின்றது. மார்கழித் திருவாதிரைக்குத் துயில் நீங்கி எழும் இவ்வூரார், அதற்குச் சில மணி நேரம் முன்னரே அம்மீன் தம் தலைக்கு மேலாகச் சென்றதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனிப் பாட்டுக்குத் திரும்புவோம். இராசியைக் கூறுவது ஓர் அளவை மாத்திரம் கூறுவதாகும். கோள்கள் ஞாயிற்று வீதியை ஒட்டியே இயங்குவன. ஆதலால் அவற்றின் இடத்தை அறிய அவ்வோரளவு போதும். அகத்தியமீனுக்கோ அது போதாது. அகத்தியன் மிதுனத்தை அடைந்தான் என்பதை அப்படியே கொண்டு மிதுனத்து இரட்டை மீன்களின் நடுவே தேடுவான் ஒருவன் அதனைக் காணான். அது ஞாயிற்று வீதிக்குத் தெற்கே ஏறக்குறைய 76 பாகை விலகி நிற்பது. ஆயினும் அவ்வீதியின் வழியே எண்ணும் நெடுக்களவில் அது மிதுன இராசியிலேயே அமைகின்றது. சூரிய சித்தாந்தமும் அதனை மிதுனத்தின் முடிவில் வைத்து, தெற்கே 80 பாகை விலக்கம் கூறுகின்றது. எனவே நல்லந்துவனார் கூற்று கற்பனையன்று. கணித மரபறிந்தார் கூற்று என்பது தெளிவு. மாசித் திங்களின் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் வாவியின் தென்பால் நோக்குவார்க்கு, அடிவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்தில் அது வெண்ணிறமாகச் சுடர்விடக் காணலாம்.

இனிக் காலக்கணக்கு. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் இப்பாட்டின் கோள்நிலைகளைக் கணித்து, கி.பி. 634 ஜூன் 17 என நாள் குறித்தார். 1922இல் வெளிவந்த 'இந்தியன் எபிமெரிஸ்' என்னும் அவரது பெருநூல் போற்றத்தக்க உழைப்பின் விளைவு. அதனை எள்ளுதல் தகாது. ஆயினும் அம்முடிபை ஏற்பதற்குத் தடைகள் உள.

முதலாவது தடை, கோள்கள் நிற்கும் வீடுகள். சோதிட நூலார் வகுப்பின்படி இடபம் வெள்ளிக்கும், மேடம் செவ்வாய்க்கும், மிதுனம் புதனுக்கும், மீனம் வியாழனுக்கும், மகரம் சனிக்கும் சொந்த வீடுகள். ஐந்து கோளும் ஒருங்கே தத்தம் ஆட்சி வீட்டில் நிற்றல் கண்டெழுதிய நிலையினும் கருதியமைத்த நிலைக்கே பொருத்தமானது. எல்லாக் கோளும் தன்னிலை பெற்ற நன்னாளில் மழை பொழிந்தது என நாட்டின் வளத்தை வாழ்த்துவதே புலவர் நோக்கமாகலாம்.

இரண்டாவது தடை கார்த்திகை. விடியலில் அது உச்சியில் நின்றது எனப் பொருள் கொள்வோமாயின், ஞாயிறு அதற்குக் கிழக்கே தொண்ணூறு பாகை தள்ளிச் சிங்கத்தில் நின்றிருத்தல் வேண்டும். வெள்ளி ஞாயிற்றைவிட்டு 47 பாகைக்கு மேலும், புதன் 28 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. சிங்கத்தின் தொடக்கத்துக்கும் இடபத்தின் முடிவுக்கும் உள்ள இடைவெளியே 60 பாகை. மிதுனத்தின் முடிவுக்கு உள்ளது 30 பாகை. ஆகவே அக்கோள்நிலை ஒருபோதும் நிகழாதது. உச்சி என்னாது வெறுமனே உயர்ந்து நின்றது எனக் கொண்டால் ஞாயிற்றை மிதுனத்தில் வைக்கலாம். சுவாமிக்கண்ணுப் பிள்ளையவர்களின் நாள் இதனோடு இயையும். ஆனால் அப்பொழுது மூன்றாவது தடை எழுகின்றது: ஜூன் நடுப்பகுதியில் அகத்தியமீன் பகலிலே எழுந்து பகலிலே மறைவது. கண்ணுக்குத் தோன்றாத மீனைக் கண்டு பாடுதல் இயலாது. அது கணக்கால் அறிந்ததாகவே இருத்தல் வேண்டும்.

இம்மூன்றையும் சீர்தூக்கின், இப்பாட்டைக் கொண்டு ஒரு நாளைக் குறித்தல் வலியுடைத்தன்று என்பதும், அந்நாளை அடிப்படையாக்கிப் பரிபாடலின் காலத்தை நிறுவுதல் அதனினும் வலிகுன்றியது என்பதும் பெறப்படும். எனினும் அலங்காரமென்று தள்ளுவாரும் தவறுகின்றனர். வானத்தை அளந்தறிந்த ஒரு சமுதாயத்தின் அறிவு இதில் உறைந்து கிடக்கின்றது. காலங்காட்டும் கடிகாரமாக இதனைக் கொள்ளாது, வானங்காட்டும் படமாகக் கொள்வதே பொருந்தும்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர் நம் நாட்டிலேயே தோன்றினார். 1892இல் காரைதீவிற் பிறந்து, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், பன்னிரண்டு இராசிகளையும் வட்டமாக நிறுத்திப் பண்டைப் பாலைகளின் பிறப்பை விளக்கினார். இப்பரிபாடற் பாட்டும் பாலையாழ்ப் பண்ணில் அமைந்ததே. கணிதம் ஒருபாலும் இலக்கியம் ஒருபாலும் பிரிந்து நின்றிருப்பின் அந்நூல் பிறந்திராது.

இன்று நம் மாணவருள் கலைப்பிரிவினர் வானநூலை அஞ்சுகின்றனர். விஞ்ஞானப் பிரிவினர் பரிபாடலை அறியார். பாட்டை ஒரு கையிலும் மீன்களின் அட்டவணையை மறு கையிலும் கொண்டு, கல்லடிக் கரையில் ஓரிரவு நிற்பாராயின், பழைய பாட்டைப் போற்றவும் புதிய முடிபுகளைச் சோதிக்கவும் வேண்டிய துணிவு இரு சாராருக்கும் ஒருங்கே வாய்க்கும்.