கைவிட்ட நிலத்தில் காடு: ஆரோவில்லும் தம்புள்ளையும்

புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் ஆரோவில் அமைந்த செம்மண் மேட்டிலும், இலங்கையில் தம்புள்ளைக்கு அருகிலுள்ள பொப்பம் மரத்தோட்டத்திலும், பயிர் செய்து ஓய்ந்த நிலம் மீண்டும் நாட்டுக் காடாகியிருக்கிறது. இரண்டுமே வடகிழக்குப் பருவமழையை நம்பி, மாதக்கணக்கில் காயும் பகுதிகள். வீரை, பாலை, கருங்காலி என மரங்களும் பொதுவானவை. காட்டை மீட்ட முறை மட்டும் நேர்மாறானது.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தது. மானாவாரி உழவும் மேய்ச்சலும் விறகுவெட்டும் ஓயாமல் நடந்ததில் மேல்மண் கரைந்து, மழைநீர் அறுத்த பள்ளங்களின் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் முதலில் மண்ணை நிறுத்த வேண்டியிருந்தது. சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள், ஓடைகளை மறித்தார்கள். வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நிழலுக்கு நட்டு, அதன் அடியில் நாட்டுக் கன்றுகளை வளர்த்தார்கள். அழிந்த காடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அருகிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இன்றும் சாட்சி.

தம்புள்ளையில் 1963இல் சாம் பொப்பம் என்ற முன்னாள் தேயிலைத் தோட்டக்காரர் வாங்கியது, சேனைப் பயிர்ச்செய்கைக்குப் பின் முட்புதர் மண்டிய நிலம். அவர் நட்ட கன்றுகள் பெரும்பாலும் வறட்சியில் பட்டுப்போயின. புதருக்குள் தானாக முளைத்தவையோ தாக்குப்பிடித்தன. அதைக் கண்டதும் நடுவதை விட்டுவிட்டு, நெருக்கும் முள்ளை மட்டும் வெட்டி, அந்தக் கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டார். மிகக் குறைந்த செலவில் நடந்த, பெரிதும் மதிக்கத்தக்க வேலை இது.

ஆனால் அதை எல்லா இடத்திலும் செய்துவிட முடியாது. சேனையில் காட்டை வெட்டி எரித்து, சில போகம் பயிரிட்டு விட்டுவிடுவார்கள். அடிக்கட்டைகள் பல உயிரோடு இருக்கும், விதை தர அருகிலேயே காடும் இருக்கும். தலைமுறைகளாக உழுத புதுச்சேரி மேட்டில் கட்டையும் இல்லை, விதையும் இல்லை.

மீண்ட காடு கரிமத்தையும் சேமிக்கிறது; காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி அதுதான். அக்கேசியா அதை விரைவாகச் சேர்க்கிறது. வீரையும் கருங்காலியும் மெதுவாக வளர்ந்தாலும் வைரம் பாய்ந்த கட்டையில் நெடுங்காலம் பிடித்துவைக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் ஆரோவில்லின் அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. விழுந்த மரம் மட்கும்போதும் எரியும்போதும் அதன் கரிமம் காற்றுக்கே திரும்புகிறது. சாய்ந்த இடைவெளிகளில் அடியில் காத்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது.