பாரதக் கதையும் பயன் சொல்லும் மரபும்

ஈழத்துச் சைவ ஆலயங்களிற் புராணபடனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். அவ்வாறு விரித்துரைத்தலைப் ‘பயன் சொல்லுதல்’ என வழங்குவர். பொருளுக்கே பயன் என்ற பெயர் அமைந்திருத்தல் நோக்கற்பாலது. கதை கேட்டவர் தம் வாழ்வுக்கு ஏதேனும் ஒன்றைக் கொண்டு செல்லவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. கச்சியப்பரின் கந்தபுராணம் இம்மரபிற் பெற்றிருந்த இடத்தை மனங்கொண்டே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்னும் தொடரை ஆண்டார். புராணங்களைச் சார்ந்து வளர்ந்த இந்நோக்கு அறநெறி வகுப்புகள் வாயிலாகவும் ஆலயச் சொற்பொழிவுகள் வாயிலாகவும் இதிகாசங்களுக்கும் உரியதாயிற்று. ஆயின், ஒரு கதை எவ்விடத்தில் நிறுத்தப்படுகின்றதோ அவ்விடமே அதன் பயனைத் தீர்மானிக்கின்றது என்பது போதிய அளவு சிந்திக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பாண்டவர் வென்றனர், ஆதலின் அறம் வெல்லும். இராமன் முடி சூடினான், ஆதலின் நல்லோர் துயர் நீங்கும். மேடைகளிற் கேட்கப்படும் பயன் பெரும்பாலும் இவ்வளவே. இதற்குத் தமிழ்க் காப்பியங்களின் அமைப்பும் ஓரளவு இடமளித்துள்ளது. கம்பர் முடிசூட்டு விழாவோடு தம் காவியத்தை நிறைவு செய்தார். சீதை மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படும் செய்தி, ஒட்டக்கூத்தருடையதாகக் கருதப்படும் உத்தரகாண்டத்துக்கு உரியதாயிற்று. வில்லிபுத்தூராரோ பாரதத்தின் பதினெட்டுப் பருவங்களுட் பத்தையே பாடினார்; அவர் நூல் சௌப்திக பருவத்தோடு முற்றுப்பெறுகின்றது. எஞ்சிய பருவங்களையும் சேர்த்துப் பாடும் பணி 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளையின் கைக்கு வந்தது. எனினும் வில்லி பெற்ற செல்வாக்கினை நல்லாப்பிள்ளை பெற்றிலர். கம்பரைப் பொறுத்தவரை ஒன்று கூறுதல் தகும். வெற்றியின் நடுவே பகைவனின் மனைவி மண்டோதரியைப் புலம்பவிட்டு, கணவன் உடல்மீதே அவள் உயிர் நீங்கச் செய்த புலவர், துயரத்தைக் காண அஞ்சியவர் ஆகார்.

வில்லி பாரதத்திற் பருவமாக இடம்பெறாத பதினோராவது பகுதியே ஸ்திரீ பருவம். வியாசர் அங்கே வீரர்களை விலக்கிவிட்டுப் பெண்களைக் களத்துக்கு அழைத்து வருகின்றார். காந்தாரி வீழ்ந்து கிடப்போரை ஒருவர் பின் ஒருவராகச் சுட்டி அழுகின்றாள். தன் மக்களுக்காக மட்டும் அவள் அழவில்லை. அபிமன்யுவின் உடலைத் தழுவும் உத்தரையையும், கணவர் துரோணரை இழந்த அவர் மனைவியையும் அவள் காண்கின்றாள். தடுக்கும் ஆற்றல் இருந்தும் தடுக்கவில்லை எனக் கண்ணனையே சபிக்கின்றாள். கண்ணன் அச்சாபத்தை மறுக்கவில்லை. பின்னர் கங்கைக்கரையில் இறந்தோர்க்கு நீர்க்கடன் செலுத்தப்படுகின்றது. கர்ணனுக்கும் நீர் வார்க்குமாறு குந்தி வேண்டி, அவன் தன் மூத்த மகன் என்பதை அப்போதுதான் வெளிப்படுத்துகின்றாள். தான் வென்றது தன் அண்ணனையே என்பதைத் தருமன் அறியும் கணம் அது. ‘அறம் வெல்லும்’ என்னும் வாக்கியத்தை அக்கரையில் நின்று எளிதில் உரைத்தல் இயலாது. பாரதம் ஆன்மீக நூலாவது அவ்விடத்தில் எனலாம்.

கீதையைத் தனித்தெடுத்துப் பயன் சொல்வோரும் இவ்வகை இடர்ப்பாட்டுக்கு உள்ளாகின்றனர். ஆன்மா அழிவற்றது என்ற உபதேசம் போருக்கு முன்னர், வில்லேந்திய ஒருவனுக்குக் கூறப்பட்டது. அதனைக் கேட்ட அருச்சுனனே அபிமன்யு வீழ்ந்த பதின்மூன்றாம் நாள் இரவில் கதறி அழுதான். கண்ணன் வாய்மொழியை நேரிற் கேட்டவனுக்கே மகனின் சாவு ஆறவில்லை என்றால், அதனைச் செத்த வீட்டில் நின்று ஏனையோர்க்கு எடுத்துரைப்பவர் சற்றுத் தயங்க வேண்டாமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. வவுனியா நகரை அடுத்த நெளுக்குளமும் அதன் அயற்கிராமங்களும் குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த பழைய குடிகளோடு, வெவ்வேறு காலங்களில் இடம்பெயர்ந்து வந்தோரும் சேர்ந்து வாழும் இடங்கள். 2009இல் வன்னியின் இறுதிப்போரிலிருந்து வெளியேறிய மக்களால் அப்பிரதேசத்துப் பாடசாலைகள் முகாம்களாயின. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்கள் நிரம்பின. 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திற் போராட்டப் பந்தலிட்டு அமர்ந்தனர். அத்தாய்மாரிடையே இதிகாசப் பயன் கூறப் புகுபவர் எதனைக் கூறுவார்? யார் வென்றார் என்பது அவர்களின் கேள்வியன்று. காந்தாரியின் நிலைகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவள் நூறு மக்களை இழந்தவளாயினும், வியாசர் அளித்த ஞானக் கண்ணால் அவர்கள் கிடந்த இடத்தைக் கண்டாள். அவர்களுக்கு நீர் வார்க்கவும் முடிந்தது. வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு ஆடி அமாவாசை வரும். தீர்த்தக்கரையிற் கூட்டமும் கூடும். மகன் இருக்கின்றானா இல்லையா என்று அறியாதவள் எள்ளும் நீரும் இறைக்க எவ்வாறு துணிவாள்? இறைத்தால் அவனைத் தானே இறந்தவனாக்கிவிட்டதாகும். பாரதம் இந்நிலையைப் பேசவில்லை. பேசாத ஒன்றைப் பேசியதாகக் காட்டுவது பயன் சொல்வோர் இழைக்கும் தவறுகளுட் பெரிது.

புலவர் விட்ட இடத்தைப் பொதுமக்கள் நிரப்பியுள்ளனர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களிலே துரியோதனன் படுகளம் மண்ணால் அமைக்கப்படுகின்றது. வெற்றிக்குரிய அந்நாளில் அங்கே ஒப்பாரியும் எழும். வென்றவளைத் தெய்வமாகக் கொண்டாடும் கோயிலிலேயே வீழ்ந்தவனுக்காக அழ இடமுண்டு. வன்னியிலோ வற்றாப்பளை இருக்கின்றது. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து அங்கு வந்து அமர்ந்தாள் என்பது ஐதிகம். வைகாசி விசாகப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும் என்பது மக்கள் நம்பிக்கை. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கதை கூத்தாகவும் ஆடப்பட்டது. முடி சூடியவனை விடுத்து, கணவன் எவ்வாறு கொல்லப்பட்டான் என்று அரசவையில் நின்று வினவிய பெண்ணையே அம்மக்கள் தாயாகக் கொண்டனர். கண்ணகி ஆறுதல் கேட்டு அவைக்குச் செல்லவில்லை. விடை கேட்டே சென்றாள். வற்றாப்பளையிற் பொங்கலிட்டு வணங்குவோருக்கு இது புதிய செய்தியன்று. மேடையில் நின்று அவர்களுக்கு ஆறுதல் மட்டும் வழங்குவோர்தாம் அதனைக் கருதாது விடுகின்றனர்.

ஸ்திரீ பருவம் தமிழில் இல்லை என்று எவரும் கூறுவதற்கில்லை. கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் முயற்சியால் வியாச பாரதம் முழுமையும் தமிழ் உரைநடையில் அச்சேறிப் பல ஆண்டுகளாயின. பதினெட்டாம் நாட் போரோடு கதையை முடித்து மங்களம் பாடும் சொற்பொழிவாளர், மறுநாளும் வந்து அமர்ந்து, காந்தாரி களத்தில் இறங்கும் அப்பகுதியை விரைந்து கடவாமல் வாசிக்கலாம். அதற்குப் பயன் சொல்லவும் வேண்டியதில்லை. கேட்போரிடையே அதனை அறிந்த பெண்கள் இருப்பர்.