சேற்றுக்கரையும் ஒரு ஸ்கோப்பும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு நடந்தால் படகுத்துறை பக்கம்தான். ஃபெரியில் பட்டர்வொர்த் போய் இறங்கி, வடக்கே சென்றால் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரை சேற்றுக்கரை. வலசை வரும் கரைப்பறவைகளுக்கு உலக அளவில் முக்கியமான இடம். அருகிவிட்ட நார்ட்மன் பச்சைக்காலியும் இங்கே வரும்.

சாதாரண பச்சைக்காலியிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது கால்: சற்றுக் குட்டை, மஞ்சள் சாயல். தொலைவில் நிற்கும் பறவையிடம் அந்த நுணுக்கத்தைப் பார்க்க பைனாகுலர் போதாது; ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும்.

முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை நன்கு விரித்து ஊன்றுவதில்தான் பாதி வெற்றி. 60 மடங்கில் பறவையோடு காற்றின் நடுக்கமும் பெரிதாகும். மூக்குக்கண்ணாடி போட்டவர் கண்வளையத்தை உள்ளே திருகிக்கொள்ள வேண்டும். ஜூமை 20இல் வைத்துப் பறவையைப் பிடித்து, மெல்லக் கூட்டி, ஃபோகஸைத் திருத்த வேண்டும். 80 மி.மீ. முகப்பு லென்ஸ் 20 மடங்கில் கண்ணுக்கு 4 மி.மீ. அகல ஒளிக்கற்றை தரும். 60இல் வெறும் 1.3 மி.மீ. படம் மங்குவது அதனால்தான். வெயில் ஏறினால் கானலும் சேர்ந்து கலக்கும். 30, 40 மடங்குதான் கண்ணுக்குச் சுகம்.

ஸ்கோப்பின் கண்வில்லையோடு டிஜிட்டல் கேமராவைச் சேர்த்துப் படமெடுக்கும் கலைக்கு 1999இல் வழிகாட்டிய முன்னோடி, மலேசியரான லாரன்ஸ் போ. இந்த நாட்டுக்குப் பெருமையான செய்தி.

கரை மேற்கு பார்த்தது. காலையில் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். நீர் ஏற ஏறப் பறவைகள் கரையை நெருங்கி வரும்.