பீரோவைப் பூட்டுமுன்

ஏப்ரல் கடைசி வேலைநாளன்று பல நடுநிலைப் பள்ளிகளில் நூலகப் பீரோவுக்கும் பூட்டு விழுந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் பொழுது மிகுந்து கிடக்கும் மே மாதம் முழுக்கப் புத்தகங்கள் இரும்புக்குள் கிடக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் இதன் இழப்பு பெரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டில் கடைசி இடம். வீட்டில் அலமாரி உள்ள பிள்ளைக்குப் பள்ளி மூடினாலும் படிக்க ஏதாவது அகப்படும். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடநூலை விட்டால் வேறு புத்தகம் இல்லை.

பீரோ திறந்திருந்தாலும் எதை எடுத்துக் கொடுப்பது?

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாசலில் நிற்பவர்கள். காக்கா நரிக் கதை சலித்துவிட்டது. பொன்னியின் செல்வன் பக்கக் கணக்கைப் பார்த்தாலே மலைப்பு. இந்த இடைவெளியைப் பெரியவர்கள் நீதிக்கதைகளாலும் தலைவர்கள் வரலாற்றாலும் பொது அறிவு வினாவிடையாலும் நிரப்பிவிடுகிறார்கள். பரிசளிப்பு விழாவில் வாங்கிய அத்தகைய புத்தகங்கள் பிரிக்கப்படாமலே பரணுக்குப் போன வீடுகள் எத்தனையோ.

தமிழில் இந்த வயதுக்கு நூல்களே இல்லை என்ற பேச்சு இனி செல்லாது. சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 2020-இல் விருது பெற்ற எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடம் நேராகப் பேசத் தயங்கும் வீடுகளுக்காக ஒரு பொம்மையைப் பேசவைக்கிறது. 2023-இல் உதயசங்கருக்கு விருது வாங்கித் தந்த ‘ஆதனின் பொம்மை’ கீழடிக்குக் கூட்டிப் போகிறது. அதைப் படித்து முடித்த பிள்ளையைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம். அதியமானின் தகடூர்ப் பிள்ளைக்குக் கீழடி அவ்வளவு தூரமில்லை. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ கரிசல் நாட்டில் பறவை முட்டை தேடித் திரியும் சிறுவனின் கதை. ஏரிக்கரையில் விடுமுறையைக் கழிக்கும் பாலக்கோட்டுப் பையனுக்கு அந்தச் சிறுவனைப் பிடித்துப்போக வெகு நேரமாகாது. 1990களில் தருமபுரியில் தொலைபேசித் துறையில் பணியாற்றிய ஜெயமோகன் எழுதிய ‘பனிமனிதன்’, தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயத்துப் பனியில் நடக்கும் தேடலின் ஊடாகப் பரிணாமத்தையும் கற்றுத் தருகிறது.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரை என்ற வடிவில் அமைந்த சிறு கதை அது. கேள்வி கேட்டதற்காக அடிபட்ட மாணவி, வலி தெரியாமலிருக்கத் தன் உடம்பிலேயே சோதனை செய்து பார்த்து உயிரை விடுகிறாள். எட்டாம் வகுப்புக்கு அவசியம் கொடுக்கலாம்; ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துத் தனியே விடக்கூடாது. படித்து முடித்த அன்றைக்கு உட்கார்ந்து பேச ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும்.

மாவட்டத்தின் சொந்தக் காடு மட்டும் இந்த அலமாரியில் குறைவு. வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட முதல் நூலிலேயே பென்னாகரமும் முண்டாச்சிப் பள்ளமும் சின்னாற்றங்கரையும் வருகின்றன. அவருக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்த பைரா அந்தக் காட்டைச் சேர்ந்த பூசாரி. ஒகேனக்கல் சாலையில் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்குத் தன் ஊர் உலகப் புத்தகம் ஒன்றில் இருப்பது தெரியாது. ஆங்கிலம் அறிந்த ஆசிரியர் அந்த நூலிலிருந்து ஒரு கதையைப் படித்துவந்து ஒரு மாலையில் தமிழில் சொன்னால் போதும். வேட்டையாடிய காலம் வேறு, காப்பாற்ற வேண்டிய காலம் வேறு என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

வகுப்பு எண்ணைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பதுதான் பெரிய பிழை. ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் உண்டு, நாவல் முடித்த பிள்ளையும் உண்டு. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் இதை உணர்ந்தே தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. படி தெரியாத புத்தகத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையே வாசிக்கட்டும். தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அடுத்த கோடைக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ படியில் நின்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடுப்பவர் முகத்தில் அந்த வெட்கம் தெரியாமல் இருந்தால் சரி.

காமிக்ஸையும் தடுக்க வேண்டாம். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸைத் தேடித்தேடிப் படித்தவர்களில் பலர் பிறகு கனமான புத்தகங்களுக்குப் போனவர்கள்தான்.

வாங்கப் பணமில்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் கோடையிலும் திறந்திருக்கும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்குமான ‘தேன்சிட்டு’ இதழின் பழைய பிரதிகள் பள்ளியிலேயே அடுக்கிக் கிடக்கின்றன. தகடூர் புத்தகப் பேரவை பங்கெடுத்து நடத்தும் தருமபுரிப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் பீரோவிலுள்ள புத்தகங்களை எல்லாம் வராந்தாவில் பாய் விரித்துப் பரப்புங்கள். ஒவ்வொரு பிள்ளையும் மூன்றைப் பொறுக்கி எடுக்கட்டும். பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தனுப்புங்கள். நாலு புத்தகம் தொலையும், சிலது கிழிந்து வரும். அதற்குப் பயந்து பூட்டிவிடாதீர்கள்.