செம்புக்கு ஒற்றை எண் போதாது

நாணயக் கண்காட்சிகளில் இப்போது காசை விடப் பிளாஸ்டிக் பெட்டிக்குத்தான் மவுசு. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு வந்த என்.ஜி.சி. ஆகிய தரமிடும் நிறுவனங்களில் ஒன்று காசுக்குத் தர எண் போட்டுப் பெட்டியில் மூடி அனுப்பிவிட்டால் போதும், வாங்குபவர் மறுகேள்வி கேட்பதில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்து விலை சொல்லும் பழைய வியாபாரியிடம், "உங்களுடையது அபிப்பிராயம், இதுதான் அளவுகோல்" என்று வாதாடுகிறார்கள். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அந்த வாதம் ஓரளவு செல்லும். செம்புக்குச் செல்லாது.

நன்மைகளை மறுக்கவில்லை. தேய்ந்த எழுத்தை ஊசியால் கீறிக் கூராக்கிய காசு, அரிப்புக் குழியை அடைத்து மறைத்த காசு, புளி போட்டுத் துலக்கிய காசு எல்லாம் பயிற்சி பெற்ற கண்ணுக்குத் தப்புவது அரிது. நேரில் பாராமல் ஏலத்தில் எடுப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் மேற்பரப்புக் குறையை இந்த நிறுவனங்கள் கணக்கிடும் முறையே கோளாறானது என்பது என் நெடுநாளைய கட்சி. 1 முதல் 70 வரையிலான எண்ணை வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்தது, அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காகத்தான். 70 வாங்கிய காசு, 1 வாங்கிய காசைப் போல 70 மடங்கு விலை போகும் என்பது அவர் போட்ட கணக்கு. சந்தையில் அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. எண் மட்டும் எல்லா உலோகங்களுக்கும் பரவிவிட்டது.

அந்த எண் முதன்மையாகத் தேய்மானத்தை அளக்கிறது. செப்புக்காசின் தலையெழுத்தோ பெரும்பாலும் காற்றும் ஈரமும் உப்பும் எழுதுவது. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொன்னது, அது செம்பை விட்டு நீங்காமல் கூடவே இருப்பதால்தான். தரமிடுபவருக்கோ களிம்பும் குழியும் வெளியிலிருந்து வந்த குற்றங்கள். குற்றம் எல்லை மீறியது என்று தோன்றினால் எண்ணே கிடையாது. காசு 'டீடெயில்ஸ்' என்ற வகுப்புக்குப் போய்விடும். மீறவில்லை என்றால் எண்ணைக் கொஞ்சம் குறைத்தோ குறைக்காமலோ பெட்டிக்குள் வைப்பார்கள். எதற்காக எவ்வளவு குறைத்தார்கள் என்று பெட்டி சொல்லாது.

பி.சி.ஜி.எஸ். எண் மறுக்கும் காரணங்களின் பட்டியலில் கீறல், துலக்கல், சூழல் சேதம் ஆகியவற்றோடு வெற்று வில்லையின் குறையும் இருக்கிறது. அதாவது அச்சுக்குள் போகும் முன்பே செம்புத் தகட்டில் இருந்த வெடிப்பு. தொடக்கக் கால பிலடெல்பியா நாணயச்சாலை நல்ல செம்புக்குத் திண்டாடியது; 1795-இல் நியூயார்க் வணிகர்கள் வெளியிட்ட டோக்கன்களை வெட்டி அவற்றின்மேலேயே அரை சென்ட் அடித்தது. அப்படிப்பட்ட சாலையில் பிறந்த காசில் வெடிப்பு இருந்தால் அது காசின் வரலாறு. பின்னாளில் எவனோ ஆணியால் கிழித்த கீறலையும் அதையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன நீதி?

நமக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. மதராஸ் மாகாணத்துக்காகப் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்த 1808-ஆம் ஆண்டு 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் காசுகளை அள்ளினார்கள். உப்பு நீர் தின்ற அவற்றுக்கு என்.ஜி.சி. பெட்டியில் 'கப்பல் விபத்தின் தாக்கம்' என்று குறிப்பு, கூடவே கப்பலின் பெயர். ஒழுங்காக மதராஸ் வந்து இறங்கி, சந்தையில் கைமாறி, ஆற்று மணலில் புதைந்து அரித்துப்போன 1803-ஆம் ஆண்டு 20 காசு அதே மேசைக்குப் போனால், அதற்கு 'சூழல் சேதம்'. வேலை செய்த காசுக்குத் தண்டனை, வந்தே சேராத காசுக்கு விளம்பரம்! கதை விற்கும் என்றால் அரிப்பும் அலங்காரம் ஆகிவிடுகிறது.

வேறு வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. இதே என்.ஜி.சி.யின் பண்டைய நாணயப் பிரிவு தேய்மானத்துக்கு ஒரு தரம், அச்சு விழுந்த நேர்த்திக்கு 5-க்கு இத்தனை, மேற்பரப்புக்கு 5-க்கு இத்தனை என்று பிரித்தே எழுதுகிறது. அமெரிக்கச் செப்புக்காசுப் பிரியர்கள் 1967-இல் தொடங்கிய 'எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்' சங்கத்தாரின் வழக்கமும் இரண்டு எண்தான்: உருவத் தெளிவுக்கு ஒன்று, குறைகளைக் கழித்த பிறகு ஒன்று. எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது அதைப் படித்தாலே தெரியும். ரோமானியக் காசுக்குக் கிடைக்கும் மரியாதை கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுக்குக் கிடைக்காததற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், ஒற்றை எண்தான் சுலபமாக விலை போகும் என்பது.

பெட்டியின் உறுதிக்கும் எல்லை உண்டு. சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறத்தைப் பெட்டியில் எழுதித் தரும் பி.சி.ஜி.எஸ்., செப்புக்காசின் நிறம் பின்னால் மாறினால் பொறுப்பேற்பதை 2010-இல் நிறுத்திக்கொண்டது. செம்பை அரிக்கும் குளோரைடு உள்ளே இருந்தால் பிளாஸ்டிக் மூடியால் அது அடங்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

நம் ஏலக்காரர்கள் செப்புக்காசுக்கு மட்டுமாவது பெட்டியின் எண்ணோடு மேற்பரப்பின் நிலையையும், குறை பிறவியா பின்னால் வந்ததா என்பதையும் பட்டியலில் தனியே எழுதட்டும். அதுவரை அந்த எண்ணுக்காக ஒரு பைசாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.