15 நொடித் தீர்ப்பு

பண்ணைகளில் ஆன்டிபயாடிக் தாராளமாகப் புழங்குகிறதே என்று கேட்டால் மருந்துத் தரப்பு எப்போதும் ஒரே பதிலை நீட்டுகிறது: எருவோடு வயலுக்குப் போய், மழையில் ஓடைக்கு வந்து சேரும் மருந்து, டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை முடக்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லையாம்.

கணக்கு சரிதான். டென்மார்க் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட சோதனையில், டைலோசின் என்ற கால்நடை ஆன்டிபயாடிக் பாதித் தெள்ளுகளை முடக்க லிட்டருக்கு 680 மில்லிகிராம் தேவைப்பட்டது. ஓடைநீரிலோ மைக்ரோகிராம் பேச்சுதான். சோதனையும் மட்டமானதல்ல, மலிவு, எந்த ஆய்வகத்தில் செய்தாலும் ஒப்பிடலாம். மாடுகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின், லிட்டருக்குச் சில நானோகிராமிலேயே தெள்ளைச் சாய்க்கும் என்று காட்டிக்கொடுத்ததும் இதுவே.

கேள்விதான் தப்பு. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை மருந்து கலந்த சுத்த நீரில் விடுகிறார்கள். தீனி கிடையாது. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்து, 15 நொடிக்குள் நீந்தாதவற்றை எண்ணுகிறார்கள். நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லிக்கு இது பொருந்தும். ஆன்டிபயாடிக் தாக்குவதோ பாக்டீரியாவை. பட்டினி போட்ட குஞ்சிடம் அதன் இரை கெட்டதா என்று எப்படிக் கேட்பது?

இரை மாறுவது கற்பனையல்ல. ஓடையில் உதிர்ந்த இலையைக் காமரஸ் போன்ற சிற்றுயிர்கள் பச்சையாக அவ்வளவாகத் தொடுவதில்லை; பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து பதமான பிறகே விரும்பித் தின்னும். 2009இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஆன்டிபயாடிக் கலவையில் ஊறிய இலைகளில் பூஞ்சை பெருகியது. காமரஸ்கள் அவற்றையே நாடின. 'நல்லதுதானே?' என்பார்கள். ஓர் உயிர்கூடச் சாகாமல் ஓடையின் பந்தியே மாறிவிட்டது. அதைக் குறிக்கச் சோதனைத் தாளில் கட்டமே இல்லை.

ஆன்டிபயாடிக் தாக்குவது பாக்டீரியாவை என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் பொதுவான 2004ஆம் ஆண்டுக் கால்நடை மருந்து வழிகாட்டி, ஆன்டிபயாடிக் என்றால் பச்சைப்பாசியை விட்டு நீலப்பசும்பாசியில் சோதிப்பதையே சில கட்டுப்பாட்டு அமைப்புகள் விரும்புவதாகக் குறிப்பிடுகிறது. அது பாக்டீரியா இனம் என்பதால். பாசிக்கு வந்த புத்தி தெள்ளுக்கு வரவில்லை. 21 நாள் இனப்பெருக்கச் சோதனை இருக்கிறதே என்றால், முதல் படியான இந்த 48 மணி நேரச் சோதனையில் சந்தேகம் விழுந்தால்தான் அதற்குக் கதவு திறக்கும். முதல் படியோ ஆன்டிபயாடிக் மீது சந்தேகமே விழாதபடி கட்டியது.

நீந்துகிறதா என்று 15 நொடி பார்த்தவர்கள், எதைத் தின்று நீந்தப்போகிறது என்றும் ஒருநாள் பார்க்கட்டும்.